குடவோலையும் திருமுழுக்கு ஏடும்

சோழர் பெருமையைப் பேசுவோர் உத்திரமேரூரைக் குறிப்பிடாமல் விடுவதில்லை. காஞ்சிபுரம் மாவட்டத்து அவ்வூரின் வைகுண்டப் பெருமாள் கோயிற் சுவரில் முதலாம் பராந்தகனின் ஆணைகளைத் தாங்கிய இரு கல்வெட்டுகள் உள்ளன. ஒன்று கி.பி. 919-ஆம் ஆண்டினது, மற்றொன்று கி.பி. 921-ஆம் ஆண்டினது. ஊர் தொண்டை நாட்டைச் சேர்ந்தது எனினும், ஆணை தஞ்சையை ஆண்ட சோழனுடையது. இரண்டாம் ஆணையை நிறைவேற்றச் சபையில் உடனிருந்த அரசு அலுவலரும் சோழ நாட்டுப் புறங்கரம்பை நாட்டு ஸ்ரீவங்க நகரைச் சேர்ந்த சோமாசிப் பெருமான் என்பவரே. ஆகவே அக்கல்வெட்டில் காவிரி நாட்டாருக்கும் பங்குண்டு.

ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டுக் குலுக்கி, ஏதுமறியாச் சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுக்கச் செய்தனர். ஓலையை வாங்குபவர் ஐந்து விரலும் விரிய உள்ளங்கையைக் காட்டி வாங்கவேண்டும் என்பது வரை விதி இருந்தது. இக்குடவோலை முறையைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். ஆயின் குடத்திற்குள் யாருடைய ஓலை நுழையலாம் என்பதைக் கூறும் பகுதியே நம் சிந்தனைக்குரியது. சீட்டுக் குலுக்குவதற்கு முன்பே தகுதி மெய்ப்பிக்கப்பட வேண்டியிருந்தது.

அத்தகுதிகளை இருவகையாகப் பிரித்துக் காணலாம். முதல்வகை, ஒருவனுடைய செயலைப் பற்றியது. கடந்த மூன்றாண்டுகளில் வாரியத்தில் பதவி வகித்திருத்தல் கூடாது. முன்பு பதவி வகித்துக் கணக்குக் காட்டாதவன் ஆகான். அவனுடைய நெருங்கிய உறவினரும் ஆகார். பிறர் பொருளைக் கவர்ந்தவன் ஆகான். நல்வழியில் ஈட்டிய பொருளும் தூய உள்ளமும் உடையவனாதல் வேண்டும். இரண்டாம் வகை, ஒருவன் எங்கே, எந்நிலையில் பிறந்தான் என்பதைப் பற்றியது. கால்வேலிக்கு மேல் இறைநிலம் வேண்டும். தன் மனையில் கட்டிய வீடு வேண்டும். வேதக் கல்வி வேண்டும். அரைக்கால் வேலி மட்டும் உடையவன் ஒரு வேதமும் அதன் உரையும் கற்றிருந்தால் ஏற்கப்பட்டான். வயது 35-க்கு மேல், 70-க்குள்.

வேலி, மா என்னும் அளவைகள் தஞ்சைத் தரணியில் இன்றும் வழங்குகின்றன. ஒரு வேலி இருபது மா. இன்றைய கணக்கில் ஏறத்தாழ ஆறே முக்கால் ஏக்கருக்குச் சற்றுக் குறைவு. கால்வேலி என்பது ஐந்து மா நிலம். அந்த ஐந்து மாவை உழுது, நாற்று நட்டு, அறுத்துக் களம் சேர்த்தவனின் பெயர் குடத்தில் விழ வழியில்லை. பெண்ணின் பெயரும் விழ வழியில்லை. அச்சபை அந்தணர் ஊர்ச்சபை. கணக்குக் காட்டாதவனை விலக்கிய அதே கல், நிலமில்லாதவனையும் விலக்கியது. இவ்விரு விலக்குகளையும் ஒன்றென எண்ணி மயங்கலாகாது. பின்வந்த ஆயிரம் ஆண்டுகளிலும் ஆளவருவோரிடம் சான்று கேட்டபோதெல்லாம் இவ்விரண்டும் பின்னிப் பிணைந்தே வந்திருக்கின்றன.

நிலவரியும் சமயமும்

ஆங்கிலேயர் ஆட்சியில் சட்டமன்றங்கள் தோன்றியபோது கால்வேலிக்குப் பதிலாக நிலவரி வந்தது. 1919-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் 1935-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் சொத்து, வரி, கல்வி ஆகியவை வாக்குரிமையின் வாயில்களாக வைக்கப்பட்டன. 1935-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னரும் மக்கள்தொகையில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கினரே வாக்காளர். காவிரிப் படுகையில் மிராசுதாரர் வாக்களித்தார். பண்ணையாள் களத்து மேட்டிலிருந்து பார்த்திருந்தான்.

இதனோடு சமயவாரியான தொகுதிகளும் இருந்தன. 1937-இல் கூடிய சென்னைச் சட்டமன்றத்தின் 215 இடங்களில் 8 இடங்கள் இந்தியக் கிறிஸ்தவர்க்கென ஒதுக்கப்பட்டிருந்தன. அவ்விடங்களுக்குப் போட்டியிடுவோர் கிறிஸ்தவராக இருத்தல் வேண்டும். அதே காலத்தில், 1936-ஆம் ஆண்டின் பட்டியல் சாதியினர் ஆணை, இந்தியக் கிறிஸ்தவர் எவரும் பட்டியல் சாதியினராகக் கருதப்படமாட்டார் என்று உரைத்தது. ஓரிடத்தில் கிறிஸ்தவன் என்பது தகுதி. மற்றோரிடத்தில் அதுவே தகுதியின்மை.

விடுதலைக்குப் பின் அரசியல் நிர்ணய சபையில் இவ்வொதுக்கீடு ஆராயப்பட்டது. சென்னையிலிருந்து சென்ற உறுப்பினர்களுள் இயேசு சபைக் குரு ஜெரோம் டிசூசா அடிகளாரும் ஒருவர். கிறிஸ்தவர்களுக்குத் தனி இடங்கள் வேண்டா என்னும் முடிவை அவரும், சபையின் துணைத்தலைவராக இருந்த வங்கக் கிறிஸ்தவர் எச்.சி. முகர்ஜியும் ஆதரித்தனர். 1949 மே மாதத்தில் சமயச் சிறுபான்மையினருக்கான ஒதுக்கீடு கைவிடப்பட்டது. குடிமக்கள் அனைவரோடும் ஒரே வரிசையில் நிற்போம் என்னும் நம்பிக்கை அம்முடிவில் இருந்தது. அந்நம்பிக்கையை நாடு முழுமையாகக் காத்ததா என்பதைப் பின்னர்க் காண்போம்.

இராசாமடத்திலிருந்து இராஷ்டிரபதி பவனம் வரை

1950-இல் நடைமுறைக்கு வந்த நம் அரசியல் சட்டம் நிலத்தையும் வரியையும் வாயிலிலிருந்து அகற்றிவிட்டது. நாட்டின் மிக உயர்ந்த பதவிக்கே அது கேட்பவை மிகச்சில. 58-ஆம் உறுப்பின்படி, குடியரசுத் தலைவராக நிற்பவர் இந்தியக் குடிமகனாக இருத்தல் வேண்டும். 35 வயது நிறைந்திருத்தல் வேண்டும். மக்களவை உறுப்பினராவதற்குரிய தகுதி பெற்றிருத்தல் வேண்டும். அரசின்கீழ் ஆதாயம் தரும் பதவி எதையும் வகித்தலாகாது. பராந்தகன் காலத்து 35 என்னும் எண் இங்கும் நிற்பது வியப்புக்குரிய ஒற்றுமை. ஆனால் நிலம் இல்லை, வேதக் கல்வி இல்லை, சமயம் இல்லை. பிறப்பால் குடிமகனா, பதிவால் குடிமகனா என்ற கேள்வியும் இல்லை.

இவ்வாயிலின் வழியே தஞ்சை மண்ணின் மைந்தர் ஒருவரும் நுழைந்தார். பட்டுக்கோட்டையை அடுத்த இராசாமடத்தில் 1910-இல் பிறந்த ஆர். வெங்கட்ராமன், முதற்பொதுத்தேர்தலில் தஞ்சாவூர்த் தொகுதியிலிருந்து மக்களவைக்குச் சென்றவர்; 1987-இல் குடியரசுத் தலைவரானார்.

வேட்பாளர் தம் தகுதியை எவ்வாறு காட்டுவது? வாக்காளர் பட்டியலில் தம் பெயருள்ள பதிவின் சான்றளிக்கப்பட்ட நகலை மனுவோடு இணைக்க வேண்டும். சட்டம் கேட்கும் முதன்மையான சான்று இதுவே. ஏனைய கட்டுப்பாடுகள், விளையாட்டாகப் போட்டியிடுவோரைத் தடுக்க வந்தவை. 1967-இல் 17 பேர் களத்தில் நின்றனர். அவர்களுள் 9 பேர் ஒரு வாக்கும் பெறவில்லை. ஆகவே 1974-இல் 10 முன்மொழிவோரும் 10 வழிமொழிவோரும் வேண்டுமென விதித்தனர். 2,500 ரூபாய் காப்புத் தொகையும் விதித்தனர். 1997-இல் இவை முறையே 50, 50, 15,000 ரூபாய் என உயர்ந்தன. மனுவில் ஐயம் எழுந்தால் முதலில் தேர்தல் அலுவலர் தீர்ப்பார். தேர்தலுக்குப்பின் எழும் வழக்கை உச்ச நீதிமன்றம் ஒன்றே விசாரிக்கும் என்பது 71-ஆம் உறுப்பு.

ஒருவர் எழுப்பிய இரு கேள்விகள்

இந்த எளிய வாயில் போதாது என்று வாதிட்டவர்களுள் குறிப்பிடத்தக்கவர் மேகாலயத்தின் காரோ மலைப்பகுதியைச் சேர்ந்த பி.ஏ. சங்மா. மக்களவைத் தலைவராகப் பணியாற்றிய அவர் கத்தோலிக்கர். அவர் இருமுறை இருவேறு சான்றுகளைக் கேட்டார். அவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பது நமக்குப் பயன் தரும்.

1999 மே மாதத்தில் சரத் பவார், தாரிக் அன்வர் ஆகியோருடன் சேர்ந்து அவர் காங்கிரஸ் தலைமைக்கு எழுதிய மடல், நாட்டின் உயர் பதவிகளில் இந்தியாவில் பிறந்த குடிமக்களே அமரவேண்டும் எனக் கோரியது. குடியரசுத் தலைவர், துணைத் தலைவர், பிரதமர் ஆகிய பதவிகளுக்கென அரசியல் சட்டத்தைத் திருத்தவேண்டும் என்பது கோரிக்கை. இத்தாலியில் பிறந்து, பின்னர் இந்தியக் குடியுரிமை பெற்ற சோனியா காந்தியைக் குறித்தே அது எழுந்தது என்பது வெளிப்படை. மூவரும் கட்சியிலிருந்து நீக்கப்பட்டனர். புதிய கட்சி பிறந்தது. 2000-இல் நீதிபதி எம்.என். வெங்கடாசலய்யா தலைமையில் அமைந்த அரசியல் சட்டச் செயற்பாட்டு ஆய்வு ஆணையத்தில் சங்மாவும் உறுப்பினரானார். ஆணையமோ 2002-இல், இப்பொருளை நாடு தழுவிய உரையாடலுக்குப் பின் அரசியல் வழியில் ஆராயலாம் என்ற அளவில் நிறுத்திக்கொண்டது. சங்மா ஆணையத்திலிருந்து விலகினார். 2004-இல் சோனியா காந்தி பிரதமர் பதவியை ஏற்க மறுத்ததோடு வாதத்தின் வேகம் தணிந்தது. சட்டம் திருத்தப்படவில்லை.

2012-இல் சங்மாவே குடியரசுத் தலைவர் பதவிக்கு நின்றார். எதிர்த்து நின்றவர் பிரணாப் முகர்ஜி. முகர்ஜி கொல்கத்தாவிலுள்ள இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் தலைவர் பதவியிலிருந்து முறையாக விலகவில்லை. அது ஆதாயம் தரும் பதவி. எனவே அவர் மனு செல்லாது என்பது சங்மாவின் எதிர்ப்பு. விலகல் கடிதம் சூன் 20-ஆம் நாளிட்டது என மறுமொழி வந்தது. தேர்தல் அலுவலர் மனுவை ஏற்றார். தேர்தலுக்குப்பின் வழக்கு உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் முன் வந்தது. 2012 டிசம்பர் 5-இல் மூவர் வழக்கை விசாரணைக்கு ஏற்க மறுத்தனர். இருவர் விசாரிக்கலாம் என்றனர். பெரும்பான்மையினருள் தமிழகத்தைச் சேர்ந்த நீதிபதி ப. சதாசிவமும் ஒருவர்.

இரண்டிலும் சங்மா தோற்றார். ஆயினும் இரண்டும் ஒரே தன்மையின அல்ல. இரண்டாம் கேள்வி, ஒருவர் வகித்த பதவியைப் பற்றியது. கடிதம் எழுதி விலகினால் தீரக்கூடியது. மூன்றாண்டுக்குள் பதவி வகித்தவன் ஓலை குடத்தில் விழலாகாது என்ற உத்திரமேரூர் விதிக்கு அது உறவு. முதற்கேள்வி, ஒருவர் பிறந்த இடத்தைப் பற்றியது. அதனை எக்கடிதமும் மாற்றாது. ஐந்து மா நிலம் இல்லாதவனிடம் நிலம் எங்கே என்று கேட்டதற்கு அது உறவு.

சான்று கேட்ட நாடுகள்

அமெரிக்க அரசியல் சட்டம், பிறப்பிலேயே குடிமகனாக இருப்பவரே அதிபராகலாம் என்கிறது. ஹவாய்த் தீவுகளின் ஹொனலுலு நகரில் 1961-இல் பிறந்த பராக் ஒபாமா 2008-இல் வென்றபோது, அவர் கென்யாவில் பிறந்தவர் என்ற பொய் பரப்பப்பட்டது. தந்தை ஆப்பிரிக்கர் என்பதன்றி அப்பொய்க்கு வேறு அடிப்படை இல்லை. 2009-இல் அதிபர் வேட்பாளர்கள் பிறப்புச் சான்றை அளிக்கவேண்டும் என்ற மசோதா அந்நாட்டுப் பேரவையில் முன்மொழியப்பட்டது, அது சட்டமாகவில்லை. அரிசோனா மாநிலத்தில் 2011 ஏப்ரலில் அத்தகைய மசோதா ஒன்று இரு அவைகளிலும் நிறைவேறியது. முழுப் பிறப்புச் சான்று இல்லாதோர் வேறு ஆவணங்களைக் காட்டலாம் என்றது அது. அவற்றுள் குழந்தைப் பருவத்துத் திருமுழுக்குச் சான்றும் ஒன்று! ஒபாமாவின் எதிர்க்கட்சியைச் சேர்ந்தவரே ஆயினும், ஆளுநர் ஜான் ப்ரூவர் அம்மசோதாவை ஏப்ரல் 18-இல் தடுத்துவிட்டார். ஏப்ரல் 27-இல் ஒபாமா தம் முழுப் பிறப்புச் சான்றை வெளியிட்டார்.

உலகின் வலிமைமிக்க பதவியில் இருந்தவரிடம் ஆவணம் இருந்தது, காட்டினார். ஆவணம் இல்லாத எளியோரிடம் இதே கேள்வியைக் கேட்டால் என்ன நேரும்? விடை காண நாம் தொலைவில் தேடவேண்டுவதில்லை. இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்தோர் திருச்சி, தஞ்சை, இராமநாதபுரம் போன்ற நம் மாவட்டங்களிலிருந்து சென்றவர்களின் வழிவந்தோர். 1947-இல் நடந்த தேர்தலில் இலங்கை இந்தியர் காங்கிரஸ் ஏழு இடங்களை வென்றது. அடுத்த ஆண்டே இயற்றப்பட்ட 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம், தந்தை இலங்கையில் பிறந்ததையோ, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்ததையோ மெய்ப்பிக்கக் கேட்டது. தோட்டத்து லயத்தில் பிறந்த பாட்டனுக்கு யார் பதிவு வைத்திருந்தார்? பல இலட்சம் பேர் குடியுரிமை இழந்தனர், வாக்கும் போயிற்று. 1952-இல் அக்கட்சிக்கு ஓரிடமும் கிட்டவில்லை. பின்னர் 1964-இல் சிறிமாவும் சாஸ்திரியும் செய்த உடன்பாட்டின்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்கவேண்டும் என முடிவாயிற்று. அவ்வாறு வந்தோர் பிறந்த மண் இலங்கை. இந்தியக் குடியுரிமை பதிவால் கிடைத்தது. பிறந்த மண்ணைக் கேட்கும் சட்டம் இங்கே வந்திருந்தால், இவர்களுக்கும் உயர்பதவியின் வாயில் அடைபட்டிருக்கும்.

நம் கோயிலில் உள்ள ஏடு

நம் பங்குக் கோயில் ஒவ்வொன்றிலும் திருமுழுக்கு ஏடு உண்டு. பிறந்த நாள், பெற்றோர் பெயர், ஞானப்பெற்றோர் பெயர் ஆகியவை அதில் எழுதப்படும். அரசுப் பதிவு எட்டாத சிற்றூர்களில் வயதைக் காட்ட மக்கள் அவ்வேட்டின் நகலையே நாடினர். ஏழைக்கு அது ஊர் அறிந்த பிறப்புச் சான்று.

அதே ஏடு வேறொரு வாயிலில் எதிர்ச்சான்றாகிறது. 1950-ஆம் ஆண்டின் பட்டியல் சாதியினர் ஆணை, இந்து சமயத்தவர் அல்லாதோரைப் பட்டியலில் சேர்க்கவில்லை. 1956-இல் சீக்கியரும், 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறிஸ்தவர் இன்றும் சேர்க்கப்படவில்லை. சலுகைகளோடு தனித்தொகுதியில் நிற்கும் உரிமையும் இதனால் தடைப்படுகிறது. 1936-ஆம் ஆண்டின் விதியே புதிய ஆட்சியிலும் தொடர்ந்தது எனலாம். அன்றாவது எட்டு இடங்கள் இருந்தன. 1949-இல் நாமே அவற்றையும் விட்டுக்கொடுத்துவிட்டோம்.

தமிழர் வாழும் கோலார் தங்கவயல் தனித்தொகுதியில் 1967-இல் வென்ற எஸ். இராஜகோபால், ஒருகாலத்தில் கிறிஸ்தவம் தழுவியவர் என்பதால் பதவியிழந்தார். உச்ச நீதிமன்றமும் 1968-இல் அதனை உறுதி செய்தது. 1972-இல் மீண்டும் வென்றார், மீண்டும் வழக்கு. மதம் திரும்பியவரைச் சாதியார் ஏற்றுக்கொண்டால் அவர் அச்சாதியினரே என்று 1975 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கூறவே, அவர் பதவி நிலைத்தது. அண்மையில் கேரளத்துத் தேவிகுளம் தனித்தொகுதியில், 2021-இல் வென்று தமிழில் உறுதிமொழி ஏற்ற ஆ. இராஜாவின் தேர்தலைக் கேரள உயர் நீதிமன்றம் 2023 மார்ச்சில் இரத்து செய்தது. அவ்வழக்கில் சான்றுகளாக வைக்கப்பட்டவை தென்னிந்தியத் திருச்சபைக் கோயில் ஒன்றின் குடும்ப ஏடும், திருமுழுக்கு ஏடும், அடக்க ஏடும். 2025 மே 6-இல் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கி, தேர்தல் செல்லும் என்றது. வழக்கின் முடிவு எதுவாயினும், இறைமக்களின் அருளடையாளங்களைக் குறிக்கும் ஏடு நீதிமன்றத்தில் ஒரு மனிதரின் தகுதிக்கு எதிராக விரிக்கப்பட்டதை நாம் எண்ணிப் பார்க்கவேண்டும்.

நம் மறைமாவட்டத்துக்கே வருவோம். வேளாங்கண்ணியை உள்ளடக்கிய நாகப்பட்டினம் மக்களவைத் தொகுதி தனித்தொகுதி. அத்தொகுதிச் சிற்றூர் ஒன்றில் கூலி உழவர் குடியில் பிறந்த தலித் கத்தோலிக்கர் ஒருவரை எண்ணிக்கொள்வோம். அவர் பொதுத்தொகுதி எதிலும் நிற்கலாம். ஆதலால் 58-ஆம் உறுப்பின்படி குடியரசுத் தலைவர் பதவிக்கும் நிற்கலாம். ஆனால் பிறந்த ஊர் அடங்கிய நாகப்பட்டினத்தில் மக்களவை உறுப்பினராக நிற்க அவருக்கு உரிமையில்லை! நாட்டின் தலைமைப் பதவி கேட்காத சமயத்தைச் சொந்தத் தொகுதி கேட்கிறது. அவருடைய தெருவும், அவர் குடிக்கும் நீரும், இறந்தபின் அடங்கும் இடமும் பல ஊர்களில் இன்னும் சாதியால் வரையறுக்கப்பட்டிருக்க, பட்டியலில் மட்டும் அவருக்குச் சாதி இல்லை. கல்லறைச் சுவரை நம் ஊர்களிலேயே இடிக்காது வைத்துக்கொண்டு அரசை மட்டும் குறைகூறுவதும் பொருந்தாது.

இதனால் விளையும் வேறொரு தீங்கும் உண்டு. கோயில் ஏட்டில் ஒரு பெயர், பள்ளிச் சான்றிதழில் மற்றொரு பெயர் என வாழும் குடும்பங்களை நாம் அறிவோம். உண்மையைச் சொல்வோன் இழக்கவும், மறைப்போன் பெறவும் செய்யும் சட்டம், சான்றின் நோக்கத்தையே கெடுத்துவிடுகிறது. 2007-இல் அரசிடம் அளிக்கப்பட்ட நீதிபதி ரங்கநாத் மிஸ்ரா ஆணைய அறிக்கை, பட்டியல் சாதி நிலையைச் சமயத்திலிருந்து பிரிக்கப் பரிந்துரைத்தது. 2022-இல் நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் மற்றோர் ஆணையம் அமைக்கப்பட்டது.

கேட்கவேண்டிய சான்று

எனவே சான்றே கேட்கலாகாது என்று முடிவுகட்டிவிட முடியுமா? முடியாது. கணக்குக் காட்டாதவனை விலக்கிய உத்திரமேரூர் விதி இன்றும் நமக்கு வேண்டியதே. 2001-இல் ஊழல் வழக்கொன்றில் தண்டனை பெற்றிருந்த ஜெயலலிதாவின் மனுக்கள் நான்கு தொகுதிகளிலும் தள்ளுபடியாயின. தேர்தலில் நிற்க இயலாதவர் முதலமைச்சராகவும் ஆகமுடியாது என்று உச்ச நீதிமன்றம் அவ்வாண்டு செப்டம்பர் 21-இல் தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டில் விடுதலை பெற்றபின் அவர் 2002-இல் ஆண்டிப்பட்டியில் வென்று மீண்டும் முதல்வரானார். செயல்பற்றிய தடை, தண்டனை நீங்கினால் தானும் நீங்குகிறது. 2002, 2003-ஆம் ஆண்டுகளின் தீர்ப்புகளால், வேட்பாளர் தம் சொத்து, கடன், கல்வி, தம்மீதுள்ள குற்ற வழக்குகள் ஆகியவற்றை உறுதிமொழிப் பத்திரத்தில் எழுதித் தருகிறார். வழக்கறிஞர் லில்லி தாமஸ் தொடுத்த வழக்கில் 2013 சூலை 10-இல் வந்த தீர்ப்பு, இரண்டாண்டோ அதற்கு மேலோ தண்டனை பெற்ற உறுப்பினர் மேல்முறையீட்டைக் காட்டிப் பதவியில் ஒட்டிக்கொண்டிருந்த வழியை அடைத்தது.

இவையெல்லாம் கணக்குக் கேட்கும் மரபு. லூக்கா நற்செய்தியின் பதினாறாம் அதிகாரத்தில் தலைவர் தம் வீட்டுப் பொறுப்பாளரிடம் கேட்டதும் கணக்கையே. நாசரேத்திலிருந்து நல்லது வருமோ என்று நத்தனியேல் கேட்டதோ ஊரை. வந்து பார்க்குமாறு பிலிப்பு அழைத்தபின் அவருடைய ஐயம் நீங்கிற்று.

தேர்தல்தோறும் நம் தெருவுக்கு வருவோரிடம் நாம் எதைக் கேட்கிறோம்? எந்தச் சாதி, எந்தச் சமயம், எந்த ஊர் என்று முதலில் கேட்டு, வாய்க்கால் தூர்வாரிய கணக்கைக் கேட்க மறந்துவிடுகிறோமே! வேட்பாளரின் உறுதிமொழிப் பத்திரம் எவரும் படிக்கும்படி வெளியிடப்படுகிறது. நம் பங்கின் அன்பியக் கூட்டங்களில் அதனை வாசித்துப் பார்க்கலாம். வாசித்தபின், நாகப்பட்டினத்தில் பெயர் எழுத இயலாத அந்தச் சகோதரரையும் நினைவில் கொண்டு, அவருக்கு அடைபட்ட வாயிலைத் திறக்கும்படி வாக்குக் கேட்டு வருவோரிடம் கேட்கலாம்.